பெடலிலிருந்து ஃபோர்க் வரை: பழைய கெப் வண்டியின் கிளச் கோளாறுகள்

"அண்ணே, கிளச் போயிருச்சு" என்று கராஜுக்கு வந்து சேரும் பழைய கெப் வண்டிகளில் பலவற்றின் கிளச் பிளேட்டில் ஒரு குறையும் இருப்பதில்லை. கோளாறு சாரதியின் காலுக்கும், கியர்பொக்ஸின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் ஃபோர்க்குக்கும் இடையில் எங்கோ இருக்கும். தேய்ந்த ஒரு பின், கசியும் ஒரு ரப்பர் சீல், இழை பிரிந்த ஒரு கேபிள், வெல்டிங் விட்ட ஒரு பிராக்கெட் ஆகியவற்றில் ஒன்று போதும், கியர் விழ மறுக்கும். அதைப் பார்க்காமல் கியர்பொக்ஸை இறக்கிப் புது பிளேட் போட்டால் கூலியும் பிளேட்டின் விலையும் வீணாகும், கோளாறு அப்படியே இருக்கும்.

2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அது மீண்டும் திறந்தது 2025 தொடக்கத்தில்தான். இடைப்பட்ட காலம் முழுவதும் தேயிலைத் தோட்டங்களிலும் மரக்கறித் தோட்டங்களிலும் பாரம் இழுத்தவை பழைய வண்டிகளே. புதியது வாங்க வசதியில்லாதவர்களுக்கு இன்றும் அவைதான் துணை. கொழுந்து ஏற்ற மடுவத்துக்கு மடுவம் நிறுத்தி, ஒவ்வொரு தடவையும் ஏற்றத்தில் பாரத்தோடு கிளம்ப வேண்டிய வேலை இது. சாக்கில் அடைந்து கிடக்கும் கொழுந்து சூடேறிக் கெட்டுவிடும் என்பதால் நடுவழியில் நிற்கவும் முடியாது. இரவில் டிக்கோயா கிளங்கன் வைத்தியசாலைக்கு நோயாளியை ஏற்றிப் போவதும் பல நேரம் இதே வண்டிதான்.

எல்லாவற்றுக்கும் மேலாக, மலைப்பாதையில் கிளச் என்பது உயிர்க்காவல். இறக்கத்தில் வேகத்தைப் பிடிப்பது பிரேக் மட்டுமல்ல, கீழ் கியரில் இருக்கும் எஞ்சினும்தான். கிளச் சரியாக விடாத வண்டியில் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்க முயன்று, கியர் விழாமல் நியூட்ரலில் மாட்டிக்கொண்டால், முழுப் பாரமும் பிரேக்கின் மேல் விழும். நானுஓயா ரதல்லை குறுக்குப் பாதையில் 2023 ஜனவரி 20 ஆம் திகதி நடந்த பஸ் விபத்தில் ஏழு பேர் இறந்தார்கள். அந்த இறக்கத்தின் செங்குத்தை இந்தப் பக்கத்துச் சாரதிகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. "கொஞ்சம் கடிக்குது, பரவாயில்லை" என்று கிளச்சை அலட்சியம் செய்துவிட்டு அப்படிப்பட்ட பாதையில் இறங்கக் கூடாது.

இந்த அத்தியாயம் சொல்லும் விதி ஒன்றுதான்: கால் கொடுக்கும் அசைவைப் பின்தொடருங்கள், அது எந்த இடத்தில் தொலைகிறது என்று அளந்து கண்டுபிடியுங்கள், அதன் பிறகே கழற்றுங்கள்.

அசைவு எப்படிப் போகிறது

ஃபிளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவே கிளச் பிளேட் நெரிபட்டு நிற்கிறது. பெடலை மிதித்தால் ஃபோர்க் அசைந்து ரிலீஸ் பெயாரிங்கை முன்னே தள்ளும். பெயாரிங் பிரஷர் பிளேட்டின் ஸ்பிரிங் விரல்களை அமுக்கும். நெரிசல் விடும், பிளேட் தனியே சுழலும், கியர் விழும்.

இதில் மனத்தில் வைக்க வேண்டியது ஒரு விகிதம். கனமான ஸ்பிரிங்கைக் காலால் அமுக்க வேண்டும் என்பதற்காக அசைவு வழியில் சுருக்கப்பட்டுப் பலமாக மாற்றப்படுகிறது. பெடல் 150 மி.மீ. இறங்கினால் ஃபோர்க்கின் முனை ஏறத்தாழ அதில் பத்தில் ஒரு பங்குதான் அசையும். ஆகவே ஃபோர்க் பக்கத்தில் மூன்று மி.மீ. தேய்மானம் என்றால் பெடலில் மூன்று செ.மீ. தொலைந்துவிட்டது என்று பொருள். கையால் ஆட்டிப் பார்க்கும்போது அற்பமாகத் தெரியும் ஆட்டம் கியரைக் கடிக்க வைப்பது இதனால்தான்.

உங்கள் வண்டியில் எந்த வகை

பொனட்டைத் திறந்து, பெடலுக்கு நேர் முன்னால் உள்ள தகட்டுச் சுவரைப் பாருங்கள்.

*ஒயில் வகை.* சுவரில் பிரேக் பம்புக்குப் பக்கத்தில் ஒரு சிறிய பம்பும் ஒயில் கோப்பையும் இருக்கும். இது மேல் பம்ப். அதிலிருந்து இறங்கும் பைப், கியர்பொக்ஸ் அருகே கீழ் பம்பில் முடியும். 80, 90களின் டொயோட்டா ஹைலக்ஸ், லேண்ட் ரோவர் சீரிஸ் 2, 3 எல்லாம் இந்த வகை.

*கேபிள் வகை.* சுவரைத் துளைத்து ஒரு கேபிள் மட்டும் வெளியே வரும். டிமோ பட்டா போன்ற சிறிய வண்டிகளிலும் சில பழைய ஜப்பான் கெப்களிலும் உண்டு.

*தண்டு வகை.* ஒயிலும் இல்லை, கேபிளும் இல்லை. இரும்புத் தண்டுகளும் நெம்புகளும் வண்டிக்கு அடியில் ஓடும். மொரிஸ் மைனர் பிக்கப், முதல் தலைமுறை லேண்ட் ரோவர் ஆகியவை இப்படி.

முதல் கேள்வி: விடவில்லையா, வழுக்குகிறதா?

இரண்டும் எதிரெதிர் நோய்கள். மருந்தும் வேறு.

*விடாத கிளச்:* எஞ்சின் மெதுவாக ஓடும்போது பெடலை முழுதாக மிதித்து, ஐந்து விநாடி பொறுத்து, ரிவர்ஸில் போடுங்கள். கரகரவென்று கடித்தால் பிளேட் இன்னும் சுழல்கிறது. அசைவு போதவில்லை என்பதற்கு இதுவே முதல் அடையாளம்.

*வழுக்கும் கிளச்:* கினிகத்தேனையிலிருந்து அட்டனுக்கு ஏறும்போது எஞ்சின் சத்தம் கூடுகிறது, வண்டியின் வேகம் கூடவில்லை, எரிந்த நாற்றம் வருகிறது என்றால் பிளேட் வழுக்குகிறது. சமதரையில் ஹேண்ட் பிரேக்கை இழுத்து, சக்கரங்களுக்குக் கல் வைத்து, நான்காம் கியரில் போட்டுப் பெடலை மெல்ல விடுங்கள். எஞ்சின் உடனே அணைய வேண்டும். அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் வழுக்கல் உறுதி. இந்தச் சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டாம், பிளேட் எரியும்.

வழுக்கினால் பிளேட்டைக் குறை சொல்லும் முன் பெடலில் தளர்வு இருக்கிறதா என்று விரலால் அமுக்கிப் பாருங்கள். தளர்வே இல்லாவிட்டால் சாரதி காலை எடுத்த பிறகும் பெயாரிங் விரல்களை அமுக்கிக்கொண்டே இருக்கும். தளர்வைச் சரிசெய்தாலே சில வண்டிகள் குணமாகிவிடும்.

ஃபோர்க்கில் அளப்பது

விடாத கிளச்சுக்கு இதுதான் தாய்ச் சோதனை. இருவர் வேண்டும், ஓர் அடிமட்டம் வேண்டும்.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். நான்கு சக்கரங்களுக்கும் கட்டையோ கல்லோ வையுங்கள். கியரில் போட்டிருக்கிறோம் என்று நம்பி அடியில் போகாதீர்கள். மேலே இருப்பவர் பெடலை மிதித்ததும் அந்தப் பிடி விட்டுவிடும். தூக்க வேண்டியிருந்தால் ஜெக்கை மட்டும் நம்பாமல் உறுதியான தாங்கி வையுங்கள்.

ஒருவர் பெடலை மெதுவாக முழுதும் மிதித்துப் பிடிக்க, மற்றவர் அடியிலிருந்து ஃபோர்க்கின் முனை எவ்வளவு நகர்கிறது என்று அளக்க வேண்டும். வண்டியின் கைநூலில் அளவு இருந்தால் அதையே கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஹைலக்ஸ் போன்ற கெப்களுக்குப் பொதுக் கணக்கு அரை அங்குலம், அதாவது 12 மி.மீ. வாக்கில்.

- அளவு சரியாக இருந்தும் கியர் கடிக்கிறது என்றால் கோளாறு உள்ளே: பிளேட், பிரஷர் பிளேட், ஃபிளைவீல் நடுவிலுள்ள சிறிய பெயாரிங், அல்லது ஃபோர்க்கின் உள்முனை.
- அளவு குறைவு என்றால் கோளாறு வெளியே. கியர்பொக்ஸை இப்போது தொட வேண்டாம். பெடலிலிருந்து ஒவ்வோர் இணைப்பாகத் தேடிக்கொண்டு வாருங்கள்.

பெடல் பக்கம்

டோர்ச் வெளிச்சத்தில் பெடலின் மேல் முனையைப் பாருங்கள். பெடலையும் தண்டையும் இணைக்கும் பின் தேய்ந்து மெலிந்திருக்கும்; அது போகும் துளை முட்டை வடிவம் ஆகியிருக்கும். புதுப் பின் மட்டும் போட்டால் பாதி வேலைதான் முடியும். துளையை லேத்தில் பெருக்கிப் பித்தளை புஷ் போடுவது நிலைக்கும்.

அடுத்து, ஒருவர் மிதிக்கும்போது பொனட்டுக்குள் மேல் பம்பையே பாருங்கள். பம்பின் உடல் அசையக் கூடாது. சுவரோடு சேர்ந்து அது முன்னே வளைந்தால் தகடு துருப்பிடித்து வெடித்திருக்கலாம், அல்லது உள்ளே பெடல் பிராக்கெட்டின் வெல்டிங் விட்டிருக்கலாம். பழைய ஹைலக்ஸ்களில் இந்த வெல்டிங் விடுவது தெரிந்த கோளாறு. பம்பை எத்தனை முறை மாற்றினாலும் இது தீராது. பிராக்கெட்டைக் கழற்றி வலுப்படுத்தி ஒட்ட வேண்டும்.

தரை விரிப்பையும் மறக்காதீர்கள். மழைக்காலத்தில் மடித்துப் போட்ட சாக்கும் தடித்த ரப்பர் விரிப்பும் பெடலை முழுதாக இறங்கவிடாமல் தடுத்துவிடும்.

ஹைலக்ஸ் ஒயில் கிளச்சில் பெடலின் தளர்வு 5 முதல் 15 மி.மீ. வரை இருக்க வேண்டும். இதில் தண்டு பம்பைத் தொடும் வரையிலான முதல் தளர்வு 1 முதல் 5 மி.மீ. இந்த முதல் தளர்வை இல்லாமலாக்கினால் பம்புக்குள் ஒயில் திரும்பும் சிறு துளை அடைபட்டுவிடும். உள்ளே அழுத்தம் தேங்கி, எஞ்சின் சூடேறச் சூடேறக் கிளச் வழுக்கத் தொடங்கும். "பெடல் மேலேயே பிடிக்கட்டும்" என்று தண்டை நீட்டிவிடும் பழக்கம் பிளேட்டை எரிக்கும்.

ஒயில் வகையில் சோதனைகள்

*இரண்டு மூன்று முறை வேகமாக மிதித்தால் கியர் விழுகிறதா?* விழுந்தால் பைப்பில் காற்று புகுந்திருக்கிறது, அல்லது சீல் பலவீனம். மிதித்தும் மாற்றமில்லையென்றால் பின், பிராக்கெட், ஃபோர்க் பக்கம் தேடுங்கள்.

*மிதித்துப் பிடித்திருக்கும்போது பெடல் தானாக இறங்குகிறதா?* வெளியே ஒரு சொட்டும் கசியாமல் இது நடந்தால், மேல் பம்பின் சீல் ஒயிலைப் பின்னே விடுகிறது. முதல் கியரில் மிதித்தபடி நிற்கும் வண்டி தானாக நகர்வதும் இதனால்தான். முன்னால் பிள்ளைகள் வீதியைக் கடக்கும்போது இது நடந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். இந்த வண்டியை ஓட்டாதீர்கள்.

*கீழ் பம்பின் ரப்பர் உறையை விலக்கிப் பாருங்கள்.* உள்ளே ஈரம் இருந்தால் சீல் போயிற்று. பெடலுக்கு மேலே, வண்டிக்குள், சுவரில் ஒயில் வழிந்த தடம் இருந்தால் மேல் பம்ப்.

*ரப்பர் ஹோஸ்.* மிதிக்கும்போது ஹோஸை விரலால் பிடியுங்கள். பாம்பு இரை விழுங்கியதுபோல் புடைத்தால் அசைவு அங்கேதான் போகிறது. உள்ளே வீங்கி அடைபட்ட ஹோஸ் வேறு தொல்லை தரும்: பெடலை விட்ட பிறகும் கிளச் மெதுவாகவே பிடிக்கும்.

மலையகத்தில் இந்தப் பம்புகள் சீக்கிரம் கெடுவதற்குக் காரணம் ஈரம். இவற்றில் ஓடும் பிரேக் ஒயில் காற்றிலுள்ள நீரை உறிஞ்சும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை அட்டன், நோர்வூட், மஸ்கெலியாப் பக்கங்களை நனைக்கும்போது, மூடி சரியில்லாத கோப்பைக்குள்ளும் அந்த ஈரம் போகிறது. உறிஞ்சிய நீர் பம்பின் உள்சுவரை அரித்துக் குழிகள் உண்டாக்கும். குழி விழுந்த பம்பில் புதுச் சீல் போட்டாலும் அந்த விளிம்புகள் அதைக் கிழித்துவிடும். ஆகவே சீல் மாற்றும்போது உள்சுவரில் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டினால் பம்பை மாற்றுங்கள், அல்லது நம்பிக்கையான லேத் கடையில் உள்ளுறை போடுங்கள். கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடுகிறவர்கள் பழைய பம்பையே கையில் கொண்டு போவது நல்லது. ஒரே மாடலிலும் துளை விட்டம் மாறும்.

கோப்பையில் டொட் 3 பிரேக் ஒயிலைத் தவிர வேறெதையும் ஊற்றாதீர்கள், கைநூல் வேறு சொன்னாலொழிய. எஞ்சின் ஒயிலோ மண்ணெண்ணெயோ ஒரு கரண்டி போனாலும் சீல்கள் ஊதிப்போகும். பிறகு எல்லா ரப்பரையும் மாற்ற வேண்டும். பிரேக் ஒயில் பெயின்றை உரிக்கும், கண்ணையும் எரிக்கும்.

*காற்றெடுத்தல்:* கோப்பையை நிரப்புங்கள். கீழ் பம்பின் நிப்பிளில் ஒரு தெளிவான ட்யூபை மாட்டி, மறுமுனையைச் சிறிது ஒயில் உள்ள போத்தலுக்குள் அமிழ்த்துங்கள். மேலே இருப்பவர் மிதித்துப் பிடிக்க, கீழே இருப்பவர் நிப்பிளைத் திறந்து, குமிழி வந்ததும் மூட வேண்டும். மூடிய பிறகே பெடலை விட வேண்டும். குமிழி நிற்கும் வரை தொடருங்கள். இடையில் கோப்பை வற்றினால் மறுபடி முதலிலிருந்து.

கேபிள் வகையில்

கேபிள் முதலில் இற்றுப்போவது இரு முனைகளிலும்: பெடல் கொக்கியிலும் ஃபோர்க் முனையிலும். ஓர் இழை பிரிந்திருந்தாலும் மாற்றுங்கள், மீதி இழைகள் ஏற்றத்தில் அறும். மேலுறை எக்ஸோஸ்ட் குழாயில் உரசி உருகியிருக்கிறதா, கூர்மையாக வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். புதுக் கேபிளைப் பழையது போன வழியிலேயே போடுங்கள். நைலோன் உட்குழாய் உள்ள கேபிளுக்கு ஒயில் தேவையில்லை.

புதுக் கேபிள் அடிக்கடி இறுகினால் அல்லது எரிந்தால், எஞ்சினையும் உடலையும் இணைக்கும் எர்த் வயரைப் பாருங்கள். அது அறுந்திருந்தாலோ துருப்பிடித்திருந்தாலோ, ஸ்டார்ட்டரின் கனமான மின்சாரம் கிளச் கேபிள் வழியாகத் திரும்பிப் போய் அதைச் சூடாக்கும். கோளாறு கிளச்சில் இல்லை, ஒரு வயரில்.

தண்டு வகையில்

தண்டு முனைகள், நெம்பின் புஷ்கள், பின்கள் அனைத்தையும் ஒவ்வொன்றாகக் கையால் ஆட்டிப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் சிறிதாக இருக்கும் ஆட்டம் கூடிப் பெரிதாகும். சரிசெய்யும் நட்டை முறுக்கி இதை மறைக்க முயல்வது பிழை: தேய்ந்த துளை தேய்ந்துகொண்டேதான் போகும், ஒருநாள் பின் விழும். முதலில் புஷ், பின்களை மாற்றி, கடைசியில் தளர்வைச் சரிசெய்யுங்கள்.

லேண்ட் ரோவர் சீரிஸ் 2 ஒயில் வகைதான் என்றாலும், கீழ் பம்புக்கும் கிளச்சுக்கும் நடுவே ஒரு குறுக்குத் தண்டும் அதை இணைக்கும் சிறு குழாயும் உண்டு. குழாயைக் குறுக்கே பிடித்திருக்கும் பின்களில்தான் பெரும்பாலும் ஆட்டம். பம்பை மாற்றும் முன் இதைப் பார்க்காமல் விடாதீர்கள்.

கிளம்பும்போது வண்டி குலுங்கினால் எஞ்சின் மவுண்ட் ரப்பர்களையும் பாருங்கள். எஞ்சின் சாய்ந்தால் தண்டு தானாக இழுபடும்.

நின்றிருந்த வண்டியில் பிளேட் ஒட்டினால்

மழையில் பல வாரம் நின்ற வண்டியில் ஃபோர்க் முழுதாக அசைந்தும் கியர் விழாவிட்டால், பிளேட் ஃபிளைவீலோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கலாம். எஞ்சினை நியூட்ரலில் நன்றாகச் சூடேற்றி, அணைத்து, ஆளற்ற சமமான வெளியில், பெடலை மிதித்தபடி மூன்றாம் கியரில் ஸ்டார்ட் செய்யுங்கள். வண்டி நகரும், பெடலை விடாமல் பிரேக்கை உறுதியாக மிதியுங்கள். பெரும்பாலும் விட்டுவிடும். ஏற்ற இறக்கத்தில் ஒருபோதும் இதைச் செய்யாதீர்கள்.

வழியில் கிளச் செத்தால்

இறக்கத்தில் இருந்தால் இருக்கும் கியரிலேயே இருங்கள், மாற்ற முயலாதீர்கள். பிரேக்கால் வேகத்தைக் குறைத்து, மலைப் பக்கமாக ஒதுங்கி, எஞ்சின் அணையும் வரை பிரேக் பிடியுங்கள். ஹேண்ட் பிரேக் இழுத்துக் கல் வையுங்கள். ஆட்களை இறக்கி, மேலும் கீழும் ஒருவரை நிறுத்தி, வரும் வாகனங்களை எச்சரியுங்கள். இறம்பொடை வளைவுகளில் பனிமூட்டம் இறங்கினால் பின்னால் வருபவருக்கு வண்டி கண்ணில் படாது.

ஒயில் குறைந்திருந்தால் நிரப்பிப் பல முறை மிதித்து, கராஜ் வரை போகும் அளவுக்கு உயிர் கொடுக்கலாம். சமமான பாதையாகவும் பாரமில்லாமலும் இருந்தால் மட்டும் முதல் கியரில் ஸ்டார்ட்டரால் கிளப்பி மெதுவாகப் போகலாம். ஆட்களோ கொழுந்தோ ஏற்றியபடி இதைச் செய்யக் கூடாது. வேறு வண்டி அழையுங்கள்.

கியர்பொக்ஸை இறக்க வேண்டிய நேரம்

ஃபோர்க் முழுதாக அசைந்தும் கிளச் விடாவிட்டால்; தளர்வு சரியாக இருந்தும் வழுக்கினால்; பெடலை மிதித்ததும் பெயாரிங் சத்தமிட்டால்; கியர்பொக்ஸின் அடியில் எஞ்சின் ஒயில் சொட்டினால். இறக்கிய பிறகு பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பெயாரிங், ஃபிளைவீல் நடுப் பெயாரிங் நான்கையும் ஒன்றாகப் பாருங்கள், ஃபோர்க்கின் தாங்கு குமிழையும் பாருங்கள். பழைய பிளேட்டுகளில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், ஈரத் துணியால் துடையுங்கள்.

ஆண்டுக் கணக்கு

- மாதம் ஒருமுறை: கோப்பையின் ஒயில் மட்டம், பெடல் தளர்வு, கேபிள் முனைகள்.
- ஏப்ரலில், பருவமழைக்கு முன்: பின்களுக்கு கிரீஸ், கீழ் பம்பின் ரப்பர் உறை, எர்த் வயர்.
- இரண்டாண்டுக்கு ஒருமுறை: கிளச் ஒயிலை முழுதாக மாற்றுதல்.
- எப்போதும்: ஏற்றத்தில் கிளச்சால் வண்டியைத் தாங்கி நிறுத்தாமை, ஓடும்போது பெடல் மேல் கால் வைக்காமை.

கிளச் நன்றாக இருக்கும் ஒரு நாளிலேயே ஃபோர்க்கின் அசைவையும் பெடலின் தளர்வையும் அளந்து, வண்டியின் சேவிஸ் புத்தகத்தில் திகதியோடு எழுதுங்கள். வண்டியைப் பல சாரதிகள் கைமாற்றி ஓட்டும் தோட்டத்தில் இது இன்னும் அவசியம். அடுத்த முறை கியர் கடிக்கும்போது, எழுதிய அளவையும் புதிய அளவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எங்கே தொடங்க வேண்டும் என்பது ஸ்பெனரை எடுக்கும் முன்பே தெரிந்துவிடும்.